பொம்மைக்காரர் வாங்கிய சந்தை

(குச்சனூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



குச்சனூரில் பேசப் போகிறேன் என்று சொன்னதும் என் நண்பர் ஒருவர், "சனீஸ்வரனைப் பற்றியா?" என்றார். "இல்லை, பொம்மையைப் பற்றி" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது? ஆடி மாதச் சனிக்கிழமைகளில் இந்தச் சுரபி நதிக்கரையில் கூட்டம் நெரிகிறதே, எள் விளக்கு ஏற்றிவிட்டு வெளியே வருகிறவர்கள் நேராக எங்கே போகிறார்கள்? பிள்ளை அழுகிறது என்று சொல்லிக்கொண்டு பொம்மைக் கடைக்குப் போகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது? சாவி கொடுத்து ஓடும் வண்டியை முதலில் கையில் எடுப்பவர் யார்? அப்பா. தரையில் விட்டு ஓட்டிப் பார்ப்பவர் யார்? அப்பா. "இன்னொன்று இருக்கா, வேற கலர்ல?" என்று கேட்பவர் யார்? அதுவும் அப்பாதான். பிள்ளை பக்கத்தில் நின்று பலூனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த அப்பாவைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

பெரியவர்களுக்குப் பொம்மை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புரட்டாசி வந்தால் மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியில் போய்ப் பாருங்கள். அங்கே கொலு பொம்மை வாங்க வருகிறவர்கள் குழந்தைகளா? தலை நரைத்தவர்கள். ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள். பொம்மை சேர்க்கும் பெரியவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களை நம்பி உலகெங்கும் ஒரு பெரிய வணிகம் நடக்கிறது என்பதுதான் நமக்குப் புதிது.

2019-ஆம் ஆண்டில் பொம்மை உலகத்தில் இரண்டு கைமாற்றங்கள் நடந்தன. மே மாதத்தில் நம் நாட்டு ரிலையன்ஸ் நிறுவனம், லண்டனில் 1760-இல் தொடங்கிய ஹாம்லீஸ் என்ற பொம்மைக் கடையை ஒரு சீன நிறுவனத்திடமிருந்து வாங்கியது. விலை ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் பவுண்டு. 18 நாடுகளில் 167 கடைகள். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இந்தியன் இங்கிலாந்தை வாங்கிவிட்டான் என்று நாமும் ஒரு நாள் மார் தட்டிக்கொண்டோம். தட்டலாம், தவறில்லை.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி இன்னொரு செய்தி வந்தது. நம் ஊர்ப் பக்கம் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையை வாங்குவதாக அறிவித்தது. என்ன விலை? சொல்லவில்லை. எத்தனை கடைகள்? பத்தாயிரத்துக்கு மேல், எழுபது நாடுகளில். ஆனால் அந்தப் பத்தாயிரம் கடைகளில் ஒன்றுகூட லெகோவுக்கோ பிரிக்லிங்குக்கோ சொந்தமில்லை! வீட்டுப் பரணிலும், படுக்கையறை மூலையிலும், கார் நிறுத்தும் கொட்டகையிலும் தனி மனிதர்கள் நடத்தும் கடைகள் அவை. ரிலையன்ஸ் வாங்கியது கடைகளை. லெகோ வாங்கியது கடைக்காரர்கள் கூடுகிற மைதானத்தை. எது பெரிய கொள்முதல்? இந்த மைதானம்தான் என்று நான் சொல்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் லெகோவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர். உலகப் பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுபவர்கள் குறைந்துபோனார்கள். வேலை இல்லை. 1932-இல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார். 1949-இல் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் கட்டைகள் வந்தன. அதன் மூல யோசனை கிட்டிகிராஃப்ட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தை நடத்திய ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவருடையது. அடுத்தவர் கட்டையைப் பார்த்துச் செய்து, பிறகு மெருகேற்றிய கட்டை. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். உள்ளே குழாய் வைத்து, பூட்டினால் கவ்விப் பிடிக்கும் இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நாள் 1958 ஜனவரி 28. அன்று வார்த்த கட்டையும் நேற்று வார்த்த கட்டையும் இன்றைக்கும் ஒன்றோடொன்று பூட்டும். எட்டுக் குமிழ் வைத்த கட்டை ஆறே ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்துக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம் என்று டென்மார்க்கின் கணித அறிஞர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆறு கட்டைக்கே இப்படி!

அறுபது ஆண்டுப் பழைய கட்டை இன்றைய கட்டையோடு பூட்டும் என்றால் அதன் பொருள் என்ன? பழசு என்று ஒன்று இல்லை என்று பொருள். எந்தக் கட்டையும் எப்போதும் யாருக்காவது தேவைப்படும். அப்படியானால் பழைய கட்டைக்கு ஒரு சந்தை வேண்டும் அல்லவா? அந்தச் சந்தையை லெகோ உருவாக்கவில்லை. ஓர் இளைஞர் உருவாக்கினார்.

அவர் பெயர் டான் யெசெக். கணினி நிரலாளர். 2000-ஆம் ஆண்டில், தனி ஆளாக, பிரிக்பே என்ற பெயரில் அதைத் தொடங்கினார். ஈபே நிறுவனம் பெயரைப் பற்றி முறையிட்டதும் பிரிக்லிங்க் என்று மாற்றினார். அதில் என்ன செய்யலாம்? உங்களிடம் உதிரியாகக் கிடக்கும் கட்டைகளை எண்ணிப் பட்டியல் போட்டு விற்கலாம். ஒரு பெட்டிப் பொம்மையை வாங்கி, பிரித்து, கதவு தனியாக, சக்கரம் தனியாக, சிறு மனித உருவத்தின் தொப்பி தனியாக விற்கலாம். வாங்குகிறவர் தனக்கு வேண்டிய ஒரே ஒரு தொப்பியைக்கூட வாங்கலாம். 500 டாலர் வரையிலான விற்பனைக்குச் சந்தைக்காரர் எடுத்த கழிவு 3 விழுக்காடு. பெரிய விளம்பரம் கிடையாது. பார்க்க அழகாகவும் இருக்காது. வேலை நடந்தது.

யார் வந்தார்கள்? பெரியவர்கள் வந்தார்கள். சிறு வயதில் லெகோ கட்டியவர்கள். பிறகு படிப்பு, காதல், வேலை, கல்யாணம் என்று அதைப் பரணில் போட்டவர்கள். அந்த இடைப்பட்ட காலத்தை அவர்கள் தங்களுக்குள் 'இருண்ட காலம்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நாற்பது வயதில் பிள்ளைக்கு வாங்கப் போன இடத்தில் பழைய ஆசை பற்றிக்கொள்ள, திரும்பி வந்தவர்கள். எந்தக் கல்யாண வீட்டில் இதைச் சொல்லிக்கொள்ள முடியும்? சொல்லிக்கொள்ளாமலேயே பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

சேர்ந்தவர்கள் சும்மா வாங்கி விற்கவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. லெகோ இதுவரை வெளியிட்ட ஒவ்வொரு பெட்டியிலும் என்னென்ன துண்டு, எந்த நிறம், எத்தனை என்று ஒரு பெரும் பட்டியலை உறுப்பினர்கள் தாங்களே தயாரித்தார்கள். பெட்டியை உடைத்து, கொட்டி, எண்ணி, எழுதி, படம் எடுத்து ஏற்றினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தார். ஒவ்வொரு துண்டும் கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்குப் போனது என்பது எல்லோர் பார்வைக்கும் கிடைத்தது. கூலி? ஒரு காசு கிடையாது. ஆசை, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2004-இல் லெகோ தன் சாம்பல் நிறத்தையும் பழுப்பு நிறத்தையும் கொஞ்சம் மாற்றியது. பழைய சாம்பலில் மஞ்சள் சாயல். புதிய சாம்பலில் நீலச் சாயல். குழந்தைக்கு இது தெரியுமா? தெரியாது. நிறுவனத்துக்கு இது பெரிய விஷயமா? அன்றைக்கு இல்லை; பெரும் நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் பாதி கட்டிய கோட்டையோடு வீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் கொதித்துப் போனார். கோட்டையின் மேல் பாதி வேறு நிறத்தில் வருமே! அவர் எங்கே போவார்? பழைய சாம்பல் நிறம் கடையில் கிடையாது. அடுத்தவர் பரணில்தான் இருக்கிறது. அடுத்தவர் பரணுக்கு வழி காட்டிய பெரிய இடம் இந்தச் சந்தை.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் நாட்டுக் கட்டடத்தைப் பற்றியது. 2008-இல் லெகோ ஒரு தாஜ்மகால் வெளியிட்டது. 5,922 துண்டுகள். அதுவரை வந்ததிலேயே மிகப் பெரியது. அமெரிக்காவில் விலை 300 டாலர். சில ஆண்டில் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் என்ன ஆயிற்று? பிரிக்காத பெட்டி ஆயிரம் டாலரைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. தங்கம் வாங்கி வைப்பது போல் தாஜ்மகால் வாங்கி வைத்தார்கள். 2017-இல் ஒரு நாள் லெகோ அதையே திரும்ப வெளியிட்டது. துண்டுகள் 5,923, ஒன்று கூடுதல்! விலை 370 டாலர். பதுக்கி வைத்தவர்கள் தலையில் துண்டு விழுந்தது. வாங்க முடியாமல் ஏங்கியவர்கள் கொண்டாடினார்கள். நான் ஏங்கியவர்கள் பக்கம்தான். ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தை லெகோவின் கையில் இல்லாத காலத்திலேயே, ஓர் அறிவிப்பால் சந்தை விலையைச் சரிக்க லெகோவால் முடிந்தது. பொருளைச் செய்கிறவருக்கு இயல்பாகவே அந்த அதிகாரம் உண்டு. அவரே சந்தையையும் வாங்கினால்?

எப்படி வாங்கினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2010-இல் டான் யெசெக் திடீரென்று இறந்துபோனார். முப்பதுகளைத் தொட்டிருந்த பிள்ளை. சந்தையை யார் நடத்துவது? அவருடைய தாயார் எலிஷ்கா யெஸ்கோவா நடத்தினார். மகன் போன துக்கத்தோடு, மகன் விட்டுப்போன சந்தையை மூன்று ஆண்டு நிற்காமல் ஓடவைத்த அந்த அம்மாவுக்கு என் மரியாதை. 2013-இல் கிம் ஜங்-ஜு வாங்கினார். நெக்ஸான் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தை 1994-இல் தொடங்கிய கொரியச் செல்வந்தர். சந்தைக்குப் புது முகம் கொடுத்தார். கணினியிலேயே கட்டிப் பார்க்கும் ஸ்டுடியோ என்ற மென்பொருள் வந்தது. ஆர்வலர்கள் வடிவமைத்த பொம்மைகளைச் சிறு எண்ணிக்கையில் பெட்டி போட்டு விற்கும் திட்டம் லெகோவின் ஒத்துழைப்போடு நடந்தது. அதைப் பார்த்த லெகோவுக்குக் கண் திறந்திருக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் மொத்தமும் கைமாறியது. கூடவே இன்னொன்றும் கைமாறியது. சோஹோபிரிக்ஸ் என்று, சிறு அளவில் கட்டைத் துண்டுகள் வார்க்கும் நிறுவனம். சந்தையோடு சேர்த்து, சந்தையின் ஓரத்தில் பட்டறை வைத்திருந்தவரையும் வாங்கிவிட்டார்கள்.

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வாருங்கள். போடி ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். மலையில் விளைந்த காய் இறங்குகிறது. மாதிரியைக் கையில் போட்டு, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, கணினித் திரை முன்னால் உட்கார்ந்து வியாபாரிகள் விலை கேட்கிறார்கள். போடியிலும் எல்லை தாண்டிப் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு விதிப்படி நடக்கிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மலையில் விளையும் காயில் பெரும்பங்கை விளைவிக்கிற ஒரே ஒரு பெரிய எஸ்டேட்காரர் இருக்கிறார். ஒரு நாள் அவர் அந்த ஏலக்கூடத்தையே வாங்கிவிட்டார். திரை அவருடையது. பேரேடு அவருடையது. பத்து வருஷ விலைக் கணக்கு அவருடையது. மறுநாள் காலையில் ஏலம் வழக்கம்போல நடக்கிறது. அதே காய், அதே விலை, அதே டீ. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிக்கு வயிற்றில் ஏதோ செய்யுமா, செய்யாதா?

செய்யும். ஏன் செய்யும்? விலை கூடிவிடும் என்ற பயமா? அது இரண்டாம் பட்சம். இனிமேல் விதி எழுதுகிற பேனா போட்டியாளர் சட்டைப்பையில் இருக்கிறது என்ற எண்ணம்தான். லெகோவும் தன் தளத்தில் உதிரிக் கட்டை விற்கிறது. பிரிக்லிங்க் கடைக்காரரும் உதிரிக் கட்டை விற்கிறார். எந்தத் துண்டு எந்த நாட்டில் எவ்வளவுக்குப் போகிறது என்பது இருவரில் ஒருவருக்கு முழுதாகத் தெரியும். சந்தை யாருடையது என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

விதி மாறியதா? மாறியது, அதுவும் விரைவாக. லெகோ நிறுவனம் இன்றைய காலத்து நிஜத் துப்பாக்கிகளைப் போன்ற ஆயுதங்களைச் செய்வதில்லை. அது அவர்கள் கொள்கை, நல்ல கொள்கை. ஆனால் போர்க்களக் காட்சி கட்டுகிற பெரியவர்களுக்கு அவை தேவைப்பட்டன. பிரிக்ஆர்ம்ஸ், பிரிக்ஃபோர்ஜ் போன்ற சிறு பட்டறைகள் லெகோ மனிதன் கையில் பொருந்தும் துப்பாக்கி, தலைக்கவசம், வாள் எல்லாம் வார்த்தன. அவையும் இந்தச் சந்தையில்தான் விற்றன. கைமாறிய சில மாதங்களுக்குள் அந்தப் பொருட்களுக்கு இங்கே இடமில்லை என்று அறிவிப்பு வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் தன் திண்ணையில் யார் உட்காரலாம் என்று சொல்கிறார். சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் கிட்டிகிராஃப்டை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதை இப்போது எடுங்கள். அடுத்தவர் கட்டையைப் பார்த்துச் செய்யத் தொடங்கிய தச்சர் வீட்டு நிறுவனம், 1981-இல்தான் அந்தக் கட்டையின் உரிமையை முறைப்படி வாங்கிக்கொண்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தச் சிறு பட்டறைகளுக்கு மூன்று மாதம் பொறுமை காட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதைச் சொல்கிறேன்.

நல்லதைச் சொல்லாவிட்டால் நான் நியாயவானில்லை. சந்தையை வாங்கி மூடிவிடுவார்கள் என்று பயந்தார்கள், மூடவில்லை. பழைய கட்டை விற்பதைத் தடுப்பார்கள் என்றார்கள், தடுக்கவில்லை. ஆர்வலர் வடிவமைப்பைப் பெட்டி போட்டு விற்கும் திட்டம் பெரிதாயிற்று. 2020 முதல் பெரியவர்களுக்கான லெகோ பெட்டிகளிலேயே '18+' என்று அச்சிட்டார்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பொம்மைப் பெட்டியை மனைவியிடம் ஒளித்துக் கொண்டுவந்த மனிதருக்கு அது ஒரு விடுதலைப் பத்திரம்!

வயது வந்த ஆர்வலர்களின் இணைய இடத்தை வாங்கிய பொம்மை நிறுவனம் லெகோ மட்டுமா? இல்லை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பழக்கமான பெயர்தான், 1987-இல் எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனி ஃபன்ஸ்கூல் தொடங்கியது ஹாஸ்ப்ரோவோடு கூட்டுச் சேர்ந்துதான். அந்த ஹாஸ்ப்ரோவுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாடல் விளையாட்டு சொந்தம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லிக்கொண்டே ஆடுவது. அதை ஆடுகிறவர்கள் சந்தா கட்டிப் பயன்படுத்திய டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையத் தளத்தை 2022-இல் 14 கோடியே 63 லட்சம் டாலருக்கு ஹாஸ்ப்ரோ வாங்கியது. அடுத்த ஜனவரியில் என்ன நடந்தது? 2000-ஆம் ஆண்டு முதல் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்தி வந்த பொது உரிமத்தை மாற்றப் போகிறார்கள் என்ற வரைவு வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பதிப்பாளர்கள் பங்கு கட்ட வேண்டுமாம்.

ஆர்வலர்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போனார்களா? கல்லெறிந்தார்களா? சந்தாவை ரத்து செய்தார்கள். ஒருவர், நூறு பேர், ஆயிரம் பேர் என்று ரத்து செய்தார்கள். எந்தத் தளத்தைக் காசு கொடுத்து நிறுவனம் வாங்கியதோ, அந்தத் தளமே ஆட்டக்காரர்கள் பிடித்து உலுக்கும் கைப்பிடியாயிற்று. 2023 ஜனவரி 27-ஆம் தேதி ஹாஸ்ப்ரோ பின்வாங்கியது. பின்வாங்கியதோடு நிற்கவில்லை, விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தது. இனி யார் வந்து யாரை வாங்கினாலும் அந்த விதிகளை யாரும் பூட்டி வைக்க முடியாது.

பிரிக்லிங்க் ஆட்களால் இதைச் செய்ய முடியுமா? அவர்கள் நிலை வேறு. சந்தா கட்டுகிறவன் சந்தாவை நிறுத்தினால் அவனுக்கு நட்டமில்லை. கடை வைத்திருப்பவன் கடையை மூடினால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. கடைக்காரர்களில் சிலர் பிரிக் அவுல் என்ற இன்னொரு சந்தையிலும் கடை விரித்தார்கள். இங்கிலாந்தில் ஒருவர் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வாங்குகிறவர் எங்கே கூடுகிறாரோ அங்கேதான் விற்கிறவரும் நிற்க வேண்டும். புதன்கிழமைச் சந்தையை வியாழக்கிழமைக்கு மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நம் ஊருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2020 பிப்ரவரி வரை இறக்குமதிப் பொம்மைக்கு 20 விழுக்காடு சுங்கவரி. அதை 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. லெகோவின் பெரிய பெட்டி ஒன்று வாங்குவது நம்மில் பலருக்கு நடக்கிற காரியமில்லை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானுக்கு அதனால் நல்லது நடந்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நம் பிள்ளைகள் பரிமாறிக்கொள்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். பழைய புத்தகம், பழைய கேமரா, காசு சேகரிப்பு, தபால்தலை, நாட்டு விதை என்று எத்தனை குழுக்கள் உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன! அங்கே நீங்கள் படம் எடுத்துப் போடுகிறீர்கள், பெயர் எழுதுகிறீர்கள், விலை சொல்கிறீர்கள். அந்தப் பேரேடு யாருடையது? கேட்டிருக்கிறீர்களா?

என்னைக் கேட்டால் பிரிக்லிங்க் விஷயத்தில் ஒன்றைப் பிரித்திருக்க வேண்டும். சந்தை வேறு, பட்டியல் வேறு. சந்தையை நடத்தச் செலவு உண்டு, ஆள் வேண்டும், பணம் வேண்டும். அதை விற்கலாம், லெகோவே வாங்கலாம். பட்டியல் அப்படியல்ல. அது பல்லாயிரம் பேர் இரவு இரவாக எண்ணி எழுதியது. அதை ஓர் அறக்கட்டளையில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் புதுச் சந்தை திறக்கலாம் என்று உரிமம் எழுதியிருந்தால், 2019 நவம்பரில் லெகோ வாங்கியது ஒரு கடைத்தெருவை மட்டுமாகவே இருந்திருக்கும். விதி பிடிக்காதவர்கள் பட்டியலோடு எதிர்த் தெருவுக்குப் போயிருப்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்காரர்கள் சண்டை போட்டு வாங்கிய உரிமத்தை, இவர்கள் சண்டையே இல்லாமல் முன்கூட்டி எழுதியிருக்கலாம். அதற்கு ஏற்ற காலம் தொடக்க ஆண்டுகள்தான். டான் யெசெக் உயிரோடு இருந்து, உறுப்பினர்கள் அவரை நேரடியாக எழுதிக் கேட்கக்கூடிய காலம். அன்றைக்கு எல்லோரும் கட்டை எண்ணுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது, கடைசிப் பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்று தலைவர் முன்பே சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் அந்தத் தம்பி வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். கேளு தம்பி.